இரண்டு அறிவிப்புப் பலகைகள்

காலையில் பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் நான் இரண்டு அறிவிப்புப் பலகைகளை வாசிப்பது வழக்கம். ஒன்று பள்ளி வாசலில் உள்ள கரும்பலகை. மற்றொன்று திருநின்றவூர் அருள்மிகு இருதயாலீஸ்வரர் திருக்கோயில் வாசலில் உள்ளது. ஒன்றில் திருப்புதல் தேர்வு, சீருடை, பெற்றோர் கூட்டம். மற்றதில் பிரதோஷம், சங்கடஹர சதுர்த்தி, அன்னாபிஷேகம். இரண்டையும் வாசித்து முடித்தால்தான் எனக்கு அன்றைய நாள் பிறந்ததாகப் பொருள். "மாமாவுக்கு நாளிதழே தேவையில்லை, இரண்டு பலகை போதும்" என்பாள் என் மருமகள்.

அந்தப் பள்ளி, கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி. அதன் பெயரை எழுதாமல் விடுகிறேன். நான் சொல்லப்போகும் செய்தியில் ஒரு பிழை இருக்கிறது. அதில் பெரும்பங்கு என்னுடையது. என் பிழையைச் சொல்வதற்குப் பிறர் பெயரை இழுப்பானேன்?

"நெற்றி நிறையத் திருநீறு பூசும் குடும்பம், பிள்ளையைக் கன்னியர் பள்ளியில் சேர்க்கலாமா?" என்று 2024 ஜூன் மாதம் பேத்தியை முதல் வகுப்பில் சேர்த்தபோது கோயிலில் சிலர் கேட்டார்கள். மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறான். விடியுமுன் கம்பெனிப் பேருந்து வந்துவிடும். மருமகளுக்கு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை. நடந்து போகும் தூரத்தில், கட்டணச் சுமை இல்லாமல், அக்கறையாகச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி அது. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் இயேசு சபைக் குருமார்கள் நடத்தும் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தார். அவருடைய தொழுகைக்கு அதனால் குறைவு வந்துவிடவில்லையே என்று பதில் சொன்னேன். சொன்னேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் ஓர் ஓரத்தில் உறுத்தல் இருந்தது உண்மை. அந்த உறுத்தலால்தான் பள்ளிப் பலகையை ஒரு வரி விடாமல் வாசிக்கத் தொடங்கினேன். காவல்காரன் கண்ணோடு வாசித்தேன் என்றும் சொல்லலாம்.

வாசிக்க வாசிக்க அவர்களுடைய தமிழ் எனக்குப் பழகியது. செபம் என்று எழுதுவார்கள். அது நம் ஜபமேதான். கொடியேற்றம் என்பார்கள், தேர்பவனி என்பார்கள், நவநாள் என்பார்கள். பங்கு ஆலயத் திருவிழா அறிவிப்பை முதன்முறை வாசித்தபோது, இதில் 'திருப்பலி' என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால் பக்தவத்சலப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவ அழைப்பிதழ் என்றே எண்ணத் தோன்றும் என்று வியந்தேன்.

ஜூன் மாதத்தில் ஒருநாள் பலகையில், 'இம்மாதம் திரு இருதய ஆண்டவர் வணக்க மாதம்' என்றிருந்தது. ஒரு கணம் எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. நம் இருதயாலீஸ்வரரைக் கன்னியர்களும் வணங்குகிறார்களா என்று! பிறகுதான் பள்ளிக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த இயேசுநாதர் படத்தைக் கவனித்தேன். மார்பின் நடுவே ஒளிவிடும் இருதயத்தை அவர் விரலால் சுட்டிக்கொண்டிருந்தார். கத்தோலிக்கர்களுக்கு ஜூன் மாதம் அந்தத் திரு இருதயத்துக்கு உரியது என்று பிறகு அறிந்தேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி, "இருதயம் என்றால் இருதயம்தானே, இதில் மயங்க என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் கீரை ஆய்வதைத் தொடர்ந்தாள்.

இன்னொரு நாள் பலகையில் 'பேற்றோர் கவனத்திற்கு' என்று எழுதியிருந்தது. ஒற்றைக் கொம்பு போட வேண்டிய இடத்தில் இரட்டைக் கொம்பு. இளம் ஆசிரியை ஒருவர் அவசரத்தில் எழுதியது. எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய ஏடுகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் கொம்பில் வேறுபாடு கிடையாது. புள்ளி வைத்துக் குறிலைக் காட்டினார்கள். இன்று நாம் எழுதும் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் என்று தமிழறிஞர்கள் கூறுவர். அவர் இத்தாலியிலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு. 1732இல் சதுரகராதி தந்தவர். அவருடைய வழிவந்தவர்கள் பள்ளியிலேயே கொம்பு தவறினால் எப்படி? அன்று மாலை வாயிற்காவலரிடம் சொல்லி ஒரு கொம்பைத் திருத்த வைத்தேன். இப்படியெல்லாம் அந்தப் பலகைக்கும் எனக்கும் உறவு முற்றியிருந்த சமயத்தில்தான் அது நடந்தது.

2025 பிப்ரவரி 25, செவ்வாய்க்கிழமை. பிரதோஷம். மறுநாள் மகா சிவராத்திரி. காலையில் நானே பேத்தியின் நெற்றியில் மூன்று விரலால் திருநீறு இட்டு, நடுவில் சிறிய குங்குமப் பொட்டும் வைத்து அனுப்பினேன். மாலையில் அழைத்துவரப் போனால், வெளியே வந்த குழந்தையின் நெற்றி வெறிச்சென்று இருந்தது. வியர்வையில் கலைந்த நெற்றியாக அது தெரியவில்லை. ஈரத்துணியால் ஒற்றித் துடைத்த நெற்றி.

"நெற்றியில் இருந்ததை யாரம்மா அழித்தது?"

"டீச்சர்தான் தாத்தா. எல்லாரையும் துடைச்சுக்கச் சொன்னாங்க."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் எட்டு மாதமாக எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேனோ அந்தச் சொல் கிடைத்துவிட்டது போல் இருந்தது எனக்கு. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். "தாத்தா, மெதுவா" என்று குழந்தை இரண்டு முறை சொன்னாள். நேராகக் கோயிலுக்குப் போனோம். நந்திக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. குருக்கள் தந்த திருநீற்றைக் குழந்தையின் நெற்றியில் வழக்கத்தைவிட அழுத்திப் பூசினேன். அவள் முகத்தைச் சுளித்தாள்.

பள்ளியில் தலைமையாசிரியையைப் பெற்றோர் சந்திக்கும் நேரம் புதன்கிழமை மாலை மூன்றரை மணி என்பது பலகையின் மேல்மூலையில் நிரந்தரமாக எழுதியிருக்கும். மறுநாளே புதன்தான். ஆனால் சிவராத்திரி உபவாசத்தில் சண்டைக்குப் போவது தகாது என்று அடுத்த புதனுக்கு ஒத்திவைத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமிதம்கூட இருந்தது.

சிவராத்திரி இரவு முழுவதும் கோயிலில் இருந்தேன். இத்தலத்தின் வரலாறு வாசகர்கள் அறியாததன்று. பூசலார் நாயனார் இவ்வூரில் வாழ்ந்தவர். சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடினார், கிடைக்கவில்லை. மனத்தினாலேயே பொருள் சேர்த்தார். மனத்தினாலேயே கல்லும் மரமும் தச்சரும் திரட்டினார். நாள் பார்த்துக் கால்கோள் செய்தார். இரவும் உறங்காமல் விமானமும் மதிலும் கிணறும் குளமும் அமைத்தார். குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் எடுத்த கற்றளிக்கும் குடமுழுக்கு. இறைவன் மன்னன் கனவில் தோன்றி, 'நாளை நாம் நின்றவூர்ப் பூசலின் ஆலயத்தில் புகுகிறோம். உன் விழாவை மாற்றி வைத்துக்கொள்' என்று அருளினார். மன்னன் இங்கு வந்து தேடினால் அப்படியொரு கோயிலே இல்லை. அந்தணர்களை அழைத்து விசாரித்தபோதுதான் பூசலார் தம் நெஞ்சத்துக் கோயிலைப் பற்றிச் சொன்னார். சேக்கிழார் பெருமான் விரித்துரைக்கும் இவ்வரலாற்றின் கல்வடிவமே இருதயாலீஸ்வரர் கோயில். இன்றும் கருவறைக்குள்ளேயே, இலிங்கத் திருமேனியின் அருகில், பூசலார் நின்றிருப்பதைத் தரிசிக்கலாம். இருதய நோயால் வருந்துவோர் வந்து வேண்டிக்கொள்ளும் தலமும் இது.

அந்தச் சந்நிதியில் உட்கார்ந்துகொண்டு அன்றிரவு நான் என்ன செய்தேன்? மனத்துக்குள் ஒரு கடிதம் எழுதினேன்.

முதற்காலப் பூசையின்போது கடிதத்தின் முதல் பத்தி முடிந்தது. 'எங்கள் குலத்தின் சமய அடையாளத்தை' என்று தொடங்கியது அது. இரண்டாம் காலத்தில் சட்டம். வழக்கறிஞரான நண்பர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார்: அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் எந்தக் கல்வி நிலையத்திலும், சிறுவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதமின்றிச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி செய்யலாகாது, அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு, மூன்றாம் உட்பிரிவு. அதை அப்படியே சேர்த்தேன். மூன்றாம் காலத்தில் எச்சரிக்கை. நான்காம் காலத்தில் மாற்றுச் சான்றிதழ் கோரிக்கை. விடியும்போது கடிதம் கலசம் வைத்துக் குடமுழுக்குக்கு ஆயத்தமாக நின்றது. பூசலாரும் உறங்கவில்லை, நானும் உறங்கவில்லை. அவர் பெயரில் பூசல் இருந்தது. என்னிடம் இருந்தது வெறும் பூசல் மட்டும்தான். இதெல்லாம் பிறகு தோன்றியது. அன்று தோன்றவில்லை. அன்று தீபாராதனையைக்கூட நான் சரியாகப் பார்த்ததாக நினைவில்லை.

அடுத்த ஒரு வாரம் பள்ளிப் பலகையை வாசிக்கவில்லை. வாசிக்காமல் கடந்து போவதே ஓர் எதிர்ப்பு என்று எண்ணிக்கொண்டேன். மருமகள் ஒரு முறை, "மாமா, குழந்தையிடம் இன்னொரு தடவை பொறுமையாகக் கேட்டுப் பார்க்கலாமே" என்றாள். "கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று" என்றேன்.

மார்ச் 5, புதன்கிழமை. மூன்றரை மணிக்குக் கடிதத்தோடு போனேன். நெற்றியில் திருநீறு பளிச்சென்று தெரியும்படி பூசிக்கொண்டு, அதற்கென்றே வெள்ளைச் சட்டை அணிந்து போனேன். அலுவலக அறையில் தலைமையாசிரியையான அருட்சகோதரி எழுந்து நின்று, "வாருங்கள் ஐயா, அமருங்கள்" என்றார்கள். நிமிர்ந்து பார்த்தேன். அவர்களுடைய நெற்றியின் நடுவில் சாம்பல் இருந்தது. கட்டைவிரலால் இழுத்த சிறிய சிலுவை. கரும்சாம்பல் நிறம். காலையில் இட்டது, மாலைக்குள் சற்றே உதிர்ந்திருந்தது.

எனக்குப் பேச வாய் வரவில்லை. கடிதத்தை மட்டும் நீட்டினேன். அவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்றபடியே நான்கு பத்திகளையும் நிதானமாகப் படித்தார்கள். படித்துவிட்டு, "28 மூன்றைச் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள் ஐயா. உங்கள் பேத்தி நன்னெறி வகுப்பில்தான் இருக்கிறாள். மறைக்கல்வி கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். ஆனால் நெற்றியை அழித்தது எங்கே, எப்போது என்று எனக்குத் தெரியவில்லையே" என்றார்கள். குரலில் வருத்தம் இருந்தது. கோபம் இல்லை. வகுப்பாசிரியையை அழைத்தார்கள்.

அந்த இளம்பெண் வந்தார். கொம்பு தவறியவர் அவர்தான் என்று எழுத்திலிருந்து எனக்குத் தெரியும். தேதியைச் சொன்னதும் ஒரு கணம் யோசித்துவிட்டு, "அன்றைக்குக் குரூப் போட்டோ எடுத்தார்கள் சிஸ்டர்" என்றார்.

குரூப் போட்டோ. அந்த அறிவிப்பு பலகையில் ஒரு வாரம் இருந்தது. 'வரும் செவ்வாய்க்கிழமை குழுப் போட்டோ. சீருடையில் வரவும். தலைக்கு எண்ணெய் வழிய வைக்க வேண்டாம்.' அதை வாசித்தவன் நான். வீட்டில் சொல்லி, அன்று காலை எண்ணெயைக் குறைத்து வைக்கச் செய்தவனும் நான். ஆனால் மாலையில் துடைத்த நெற்றியைக் கண்டபோது எனக்குப் போட்டோ நினைவுக்கு வரவில்லை. மதம்தான் நினைவுக்கு வந்தது.

நடந்தது இதுதான். உச்சி வெயிலில் திடலில் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்திருக்கிறார்கள். வியர்வை, சில முகங்களில் பவுடர் திட்டுத் திட்டாக, சிலரிடம் கண்மை வழிந்திருக்கிறது. வெயிலில் முகம் பளபளக்கிறது, எல்லாரும் துடைத்துக்கொள்ளுங்கள் என்று போட்டோக்காரர் சொல்லியிருக்கிறார். ஆசிரியை ஒரு ஈரக் கைக்குட்டையோடு வரிசையில் போய், சின்னப் பிள்ளைகளுக்கு ஒவ்வொருவராகத் துடைத்துவிட்டிருக்கிறார். கத்தோலிக்கப் பிள்ளைகளின் பவுடரும் போயிற்று; என் பேத்தியின் திருநீறும் போயிற்று.

"வியர்வையைத் துடைக்கிற நினைப்பில் துடைத்துவிட்டேன் ஐயா. அது என்ன என்று நான் யோசித்திருக்க வேண்டும்" என்றார் அந்தப் பெண். கண் கலங்கிவிட்டது. எனக்குத் தலை நிமிரவில்லை. ஒரு வாரத்துக்கு முன் வாயிற்படியில் நின்று ஒரே ஒரு கேள்வி அதிகமாகக் கேட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும் காரியம்.

ஆனாலும் அருட்சகோதரி அத்துடன் விட்டுவிடவில்லை. ஆசிரியையை அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்கள்: "ஐயா, போட்டோவுக்காகத்தான் என்று சொல்லி நாங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. இன்று காலை திருப்பலியில் குருவானவர் எனக்கு இதை இட்டார். இதை யாராவது வேறு காரியத்துக்காக என்று சொல்லித் துடைத்திருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? தவறு தவறுதான்." தம் நெற்றியைத் தொடாமல் விரலால் சுட்டினார்கள். சுவரில் இருந்த படம் ஏனோ எனக்கு நினைவுக்கு வந்தது.

பேச்சை மாற்ற வேண்டும் போல் இருந்தது. "இது என்ன சாம்பல்?" என்று கேட்டேன். போன ஆண்டு குருத்து ஞாயிறன்று ஆலயத்தில் மந்திரித்துத் தந்த ஓலைகளை வீடுகளில் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்களாம். தவக்காலம் நெருங்கும்போது திரும்பச் சேகரித்து எரித்துச் சாம்பலாக்குவார்களாம். உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தைய நாற்பது நாள் தவத்தின் தொடக்கம் அந்தப் புதன். மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே திரும்புபவன் என்பதை நினைவூட்ட நெற்றியில் இடுவது. "இப்போது நாங்கள் திருநீற்றுப் புதன் என்று எழுதுகிறோம். என் பாட்டியெல்லாம் விபூதிப் புதன் என்றுதான் சொல்லுவார்கள்" என்றார்கள்.

விபூதிப் புதன்! பலகையில் அது ஒரு வாரமாக எழுதியிருந்ததாம். நான்தான் வாசிக்காமல் எதிர்ப்புக் காட்டிக்கொண்டிருந்தேனே.

நானும் சொன்னேன். பசுஞ்சாணத்தை உருட்டிக் காயவைத்து, சிவராத்திரியன்று உமியும் கருக்காயும் பரப்பி மூட்டம் போட்டு எரித்து எடுப்பதையும், என் தாயார் அதைச் சலித்துப் பானையில் கட்டி வைப்பதையும், அந்தப் பானையிலிருந்து ஓராண்டு முழுவதும் வீட்டில் எல்லார் நெற்றிக்கும் எடுத்ததையும் சொன்னேன். "எல்லாம் சாம்பலாகும் என்பதுதான் எங்களுக்கும் பொருள்" என்றேன். அதைச் சொன்ன வாய்தான் முந்தைய வாரம் மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதியது. கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "நான் வைத்துக்கொள்கிறேனே" என்று அவர்கள் சொன்னபோது, வேண்டாம் என்று கெஞ்சி வாங்கினேன்.

எழுந்து வரும்போது அவர்கள் கேட்டார்கள்: "பெற்றோர் என்பதில் கொம்பு தவறியிருப்பதைச் சொல்லியனுப்பியது நீங்கள்தானே? கையெழுத்தும் நன்றாக இருக்கிறது. காலையில் பேத்தியை விட வரும்போது பலகையை எழுதித் தர முடியுமா? எங்கள் ஆசிரியைகளுக்குக் காலையில் நேரமே இருப்பதில்லை." தண்டனை என்று நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி சிரித்தாள். மருமகள் சிரிக்கவில்லை. "அன்றைக்குக் கோயிலில் நீங்கள் அழுத்திப் பூசியதில் நெற்றி எரிந்தது என்று குழந்தை ராத்திரி என்னிடம் சொன்னாள் மாமா" என்றாள். அதை ஒரு வாரம் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

அடுத்த மாதம் போட்டோ வந்தது. வரிசை வரிசையாகச் சுத்தமான நெற்றிகள். இரண்டாம் வரிசையில் இடமிருந்து நான்காவதாக என் பேத்தி. உற்றுப் பார்த்தால் அவள் புருவத்துக்கு மேல் ஒரு வெளுத்த கீற்று தெரிகிறது. திருநீற்றின் மிச்சமா, அச்சுக் குறையா என்று எனக்கு இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. திருநீறுதான் என்கிறாள் என் மனைவி.

இப்படியாக நான் பள்ளியின் பலகை எழுத்தாளன் ஆனேன். காலை எட்டரைக்கு ஈரத்துணியால் பலகையைத் துடைத்து, சாக்பீஸால் எழுதுவேன். 'தவக்காலச் சேமிப்பு உண்டியல்களை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்கவும்.' 'அம்மை நோய் கண்ட பிள்ளைகளைக் குணமாகும் வரை அனுப்ப வேண்டாம்.' 'தலைமைக்குருவின் வருகையை முன்னிட்டு' என்றெல்லாம் எழுதும்போது முதலில் கை கூசியது, பிறகு பழகிவிட்டது. ஒற்றுப் பிழை மட்டும் விடமாட்டேன். கோயிலில் கேட்டவர்கள் மறுபடியும் கேட்டார்கள்: "பிள்ளையைச் சேர்த்தது போதாது என்று நீரும் சேர்ந்துவிட்டீரா?" அதற்கு நான் பதில் தேடிக்கொள்ளவில்லை.

நான் எழுதியவற்றில் மனத்தில் நிற்பது ஒன்று. 2025 ஆகஸ்டு கடைசி வாரம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அரசுப் பள்ளிகளில் 2022இலேயே தொடங்கிவிட்டது. ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15, காமராசர் பிறந்தநாளில் விரிவாக்கினார்கள். அதன் தொடக்க விழா நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில், புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில் நடந்தது. திருநின்றவூர் நகராட்சி ஆகிவிட்டபடியால் எங்களுக்கு அப்போது கிடைக்கவில்லை. நகராட்சி ஆனதில் எனக்கு ஏற்பட்ட ஒரே வருத்தம் அது. நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டு 26இல் வந்தது. அதையும் மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில்தான் தொடங்கிவைத்தார்கள்.

அதற்கு முன் நிலைமை என்ன என்பதைப் பலகை எழுதும் நேரத்தில் நான் பார்த்திருக்கிறேன். தகப்பன் விடியுமுன் பேருந்து ஏறியிருப்பான். தாய் ஏழு மணி மின்தொடரைப் பிடிக்க ஓடியிருப்பாள். பிள்ளை ஒரு தேநீரோடு வந்து காலை வழிபாட்டு வரிசையில் நிற்கும். வாரத்தில் ஒருநாளாவது யாரேனும் ஒரு பிள்ளை மயங்கி உட்காரும். அருட்சகோதரி தம் அறையில் ரொட்டிப் பொட்டலம் வைத்திருப்பார்கள். அதனால், 'நாளை முதல் காலை உணவு. உப்புமா, பொங்கல், கிச்சடி. பிள்ளைகளை எட்டு மணிக்குள் அனுப்பவும்' என்று எழுதியபோது என் எழுத்து வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்துவிட்டது. பலகையில் வேறெதற்கும் இடமில்லை. முதல் நாள், பந்தியில் பிள்ளைகளை உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்ற நானும் நின்றேன். கோயில் அன்னதானத்தில் பழகிய கை. ஒரு பையன் சாப்பிடுமுன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். என் பேத்தி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த குழந்தை யாருக்கும் காத்திராமல் பொங்கலில் கை வைத்தது.

இந்த ஆண்டு சிவராத்திரி பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்றாம் நாளே திருநீற்றுப் புதன். முதல் நாள் மாலையே அந்த அறிவிப்பை எழுதிவிட்டேன். திருநீறு என்ற சொல்லை எழுதும்போது கை கூசவில்லை. இரண்டு நாள் கழித்து அதைத் துடைத்துவிட்டு அடுத்த அறிவிப்பை எழுத வேண்டியிருந்தது. குரூப் போட்டோ. அருட்சகோதரி தந்த துண்டுத் தாளில் வழக்கமான மூன்று வரிகள்தாம் இருந்தன. எழுதி முடித்த பிறகு, அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியிருந்ததால் ஒரு வரி என் பொறுப்பில் சேர்த்தேன். அவர்கள் வெளியே வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசித்தார்கள். சாக்பீஸை என்னிடமிருந்து வாங்கி, 'திருநீறு' என்ற சொல்லுக்குப் பின்னால் 'நாமம், பொட்டு' என்று தம் கையாலேயே நெருக்கி எழுதினார்கள். பெருமாள் கோயில் தெருப் பிள்ளைகளை நான் மறந்துபோயிருந்தேன்.

'வரும் செவ்வாய்க்கிழமை குழுப் போட்டோ. சீருடையில் வரவும். தலைக்கு எண்ணெய் வழிய வைக்க வேண்டாம். நெற்றியில் திருநீறு, நாமம், பொட்டு இருந்தால் இருக்கட்டும்.'